சேகோ ஆலைக் கழிவுநீர்: மாணவர், ஆலைக்காரர், விவசாயி, ஊராட்சி சேர்ந்து வேலை செய்ய எங்கிருந்து தொடங்குவது?

நெய்க்காரப்பட்டி கேட்டது:

வணக்கம். சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கிறேன். வரும் டிசம்பர்–ஏப்ரல் பருவத்தில் இறுதியாண்டு மாணவர்கள் 24 பேரை ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஊராட்சியில் களப்பணிக்கு இறக்க எண்ணம். ஊரில் 2 சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள், சுற்றிலும் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காடு, பாசனக் கிணறுகள். கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுப்பது, தண்ணீர்ச் செலவைக் குறைப்பது, திப்பியை (மாவு எடுத்த பின் மிஞ்சும் கிழங்கு நாரை) உருப்படியாகப் பயன்படுத்துவது ஆகிய மூன்றையும் அந்த ஊர்க்காரர்களே தங்கள் பத்தாண்டுத் திட்டமாக ஏற்றுக்கொள்ளும்படி செய்ய வேண்டும் என்பது ஆசை.

இந்த மாதிரி திட்டங்கள் வழக்கமாக எப்படி முடிகின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். 40 கேள்வி கொண்ட படிவம், ஒரு படக்காட்சி, சான்றிதழ், அதோடு சரி. அப்படி ஆகக் கூடாது. முதலில் யாரைப் பார்ப்பது? மாணவர்கள் எதை அளந்தால் ஊருக்கு உதவும்? ஆலைக்காரர்கள் கதவைச் சாத்தாமல் இருக்க என்ன செய்வது? பருவம் முடிந்து பிள்ளைகள் போன பிறகு வேலையை யார் தொடர்வது? திருமணிமுத்தாற்றில் கலக்கும் கழிவைக் குறைக்க இது ஒரு தொடக்கமாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

வசிஷ்டக்கரை எழுதியது:

வணக்கம் சார். முதலில் ஆற்றைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஆத்தூர்ப் பக்கத்து நீர் திருமணிமுத்தாற்றுக்குப் போகாது. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகருக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. ஆத்தூர், தலைவாசல் பக்கம் வசிஷ்ட நதி. அது சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறாகி வங்கக் கடலுக்குப் போகிறது. தவறான ஆற்றின் பேரைச் சொல்லிக்கொண்டு ஊருக்குள் போனால் முதல் கூட்டத்திலேயே மதிப்புப் போய்விடும். அதனால் மாணவர்களின் முதல் வேலை நடை. ஆலையின் பின்கதவிலிருந்து வாய்க்கால் எங்கே போகிறது, எந்த ஓடை, எந்த ஏரி, எந்தக் கிணறு பக்கத்தில் என்று நடந்தே வரைபடம் போடச் சொல்லுங்கள். அந்தந்த நிலத்துக்காரரையும் உடன் அழைத்து நடந்தால் பாதி நேர்காணல் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது நாள்காட்டி. உங்கள் பருவம் அரவைக் காலத்தோடு ஒத்துப்போவது பெரிய வசதி. தையிலும் மாசியிலும் ஆலை முழுமூச்சில் ஓடும், கழிவுநீரும் அப்போதுதான் உண்மையான அளவில் வரும். ஜூன்–நவம்பர் பருவத்தில் வைத்திருந்தால் பாதி நாள் பூட்டிய ஆலையைத்தான் அளந்திருப்பீர்கள். ஆனால் அதே தை, மாசியில் முதலாளிக்கும் மேலாளருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. ஆகவே பேச்சையெல்லாம் டிசம்பர் நடுவுக்குள் முடித்துவிட்டு, அரவை உச்சத்தில் அளவு மட்டும் எடுங்கள்.

கிராம சபை நாட்களும் உங்களுக்குச் சாதகம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6. ஜனவரி 26-ல் 'இதை இதை அளக்கப் போகிறோம்' என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று முடிவுகளைத் திருப்பிக் கொடுங்கள். கல்லூரித் தேர்வு நாளை இதற்கேற்ப நகர்த்திக்கொள்வதுதான் முறை. கிராம சபை நாளை யாராலும் நகர்த்த முடியாது.

ஆலைக்காரர் கதவைச் சாத்துவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: எண்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போய்விடுமோ என்ற அச்சம். இதைச் சுற்றி வளைக்காமல் முதல் நாளே பேசுங்கள். 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி, வழக்குக்குச் செல்லுபடியாகும் மாதிரி என்றால் வாரிய அலுவலர் ஆலைக்கு அறிவிப்புக் கொடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து எடுக்க வேண்டும். மாணவர் எடுக்கும் மாதிரி அந்த வகை ஆகாது. இதை உள்ளபடி சொன்னாலே பாதி இறுக்கம் தளரும். 'ஆலை அ, ஆலை ஆ' என்று பெயரை மறைக்கிறோம் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஊரில் இருப்பதே 2 ஆலை. யாருடையது என்று குழந்தைக்கும் தெரியும். அதற்குப் பதிலாக ஒரு பக்கத் தமிழ் ஒப்பந்தம் போடுங்கள். எண்கள் முதலில் ஆலைக்காரரிடம் போகும், 10 நாளுக்குள் அவர் மறு அளவு கேட்கலாம், அதன் பிறகு மாற்றாமல் கிராம சபைக்குப் போகும். ஒரு விலக்கு: குடிநீர்க் கிணற்றில் ஆபத்து தெரிந்தால் அன்றைக்கே ஊராட்சிக்குச் சொல்வோம். இந்த விலக்கை ஏற்காத ஆலையோடு சேர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று. நீங்கள் எழுதிய பட்டியலில் ஆலைத் தொழிலாளர்கள் இல்லை. கிழங்குத் தோல் உரிப்பது பெரும்பாலும் பெண்கள். எந்த வாய்க்காலில் எப்போது எதைத் திறந்துவிடுகிறார்கள் என்பது முதலாளியைவிட அவர்களுக்குத்தான் தெரியும். வேலை முறை (ஷிப்ட்) முடிந்த பின், ஆலைக்கு வெளியே, மாணவிகள் போய்ப் பேச வேண்டும். ஆலைக்காரர், விவசாயி, தொழிலாளி, கிணற்றுக்காரர் எல்லாரையும் முதல் நாளே ஒரே பந்தலில் உட்கார வைத்தால் வாய் திறப்பவர் இருவர்தான், மற்றவர் தலையாட்டுவார்கள். தனித்தனியாகப் பேசி, ஒவ்வொரு தரப்பும் சொன்னதை அவர்களுக்கே ஒரு முறை வாசித்துக் காட்டி, பிறகுதான் கூட்டுக் கூட்டம்.

---

ஆய்வக மேசை எழுதியது:

அளப்பது பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கேதான் பெரும்பாலான மாணவர் அறிக்கைகள் விழுகின்றன.

சேகோ ஆலையில் 2 வகைக் கழிவுநீர் வருகிறது. கிழங்கு கழுவும் நீரில் மண் அதிகம், கரிமச் சுமை குறைவு. மாவுப்பால் தொட்டியில் மாவு படிந்த பிறகு மேலே நிற்கும் தெளிநீர்தான் கனமானது, புளித்தது. பல ஆலைகளில் இரண்டும் ஒரே வாய்க்காலில் விழும். அந்தக் கலவையை அளந்து 'சி.ஓ.டி. (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் உயிர்வாயு) இவ்வளவு' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. இரண்டையும் பிரிக்கும் சிறு சுவர் ஒன்றுதான் இந்த ஊரில் நீங்கள் கொண்டுவரக்கூடிய மலிவான, பெரிய மாற்றம். கழுவும் நீரை மண் தொட்டியில் தெளியவிட்டு மறுபடி கிழங்கு கழுவவே பயன்படுத்தலாம். மாவுப்பால் பக்கம் மட்டும் அந்த நீரைக் கொண்டுபோகக் கூடாது. நுண்ணுயிர் ஏறி மாவு புளிக்கும், வெண்மை போகும், விலை போகும். ஆலைக்காரர் மறுசுழற்சி என்றாலே முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணம். அவர் பயம் நியாயமானது.

நீரோட்டம் அளக்க வாய்க்காலுக்குக் குறுக்கே 90 பாகை வி-வடிவ வெட்டுப் பலகை போதும். உயரம் என்பது வெட்டின் அடிமுனைக்கு மேல் நிற்கும் நீரின் அளவு. ஓட்டம் (கன மீட்டர்/நொடி) = 1.38 × உயரம் (மீட்டர்) அடுக்கு 2.5. உயரம் 10 செ.மீ. என்றால் நொடிக்குச் சுமார் 4.4 லிட்டர், 12 செ.மீ. என்றால் 6.9 லிட்டர். 2 செ.மீ. தவறாகப் படித்தால் கணக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும் என்பதைப் பாருங்கள். அளவுகோலைப் பலகையிலேயே ஒட்டக் கூடாது. நீர் சரியும் இடத்தில் மட்டம் தாழ்ந்திருக்கும். உயரத்தைப் போல் 4 மடங்கு தூரம் பின்னால் நட வேண்டும். பலகைக்கு அப்பால் நீர் தடையின்றி விழ வேண்டும், கீழே தேங்கி ஏறினால் இந்தச் சூத்திரம் செல்லாது. திப்பி நார் வெட்டில் சிக்கும். மணிக்கு ஒரு முறை தள்ளிவிட ஒருவரை நிறுத்துங்கள்.

தொட்டியைத் திறந்துவிடும் நேரத்தில்தான் கனமான நீர் ஒரே மூச்சில் வரும். காலை 11 மணிக்கு ஒரு குடுவை எடுத்து வந்தால் அது எதையும் சொல்லாது. மணிக்கு ஒரு மாதிரி எடுத்து, அந்தந்த மணி ஓட்டத்துக்கு ஏற்ற அளவில் கலந்து கூட்டு மாதிரி ஆக்குங்கள். எடுத்தவுடன் பனிக்கட்டிப் பெட்டி, 4 டிகிரி. சி.ஓ.டி. குடுவையில் கந்தக அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே, சயனைடு (இந்தக் கிழங்கில் இயல்பாகவே இருக்கும் நஞ்சு) குடுவையில் காஸ்டிக் சோடா விட்டு 12-க்கு மேலே. இரண்டையும் மாற்றி ஊற்றினால் மாதிரி போவது மட்டுமில்லை, அமிலத்தில் சயனைடு வாயுவாகக் கிளம்பும், பிள்ளைகளுக்கு ஆபத்து. குடுவைகளுக்கு வேறு வேறு நிற மூடி வாங்கிவிடுங்கள்.

பி.ஓ.டி. (நுண்ணுயிர் கழிவைச் சிதைக்க எடுக்கும் உயிர்வாயு) 27 டிகிரியில் 3 நாள். 3000 மி.கி. எதிர்பார்த்தால் லிட்டருக்கு 1 மி.லி. என்று நீர்க்க வேண்டும். உயிர்வாயு குறைந்தது 2 மி.கி. இறங்கியிருக்கணும், கடைசியில் 1 மி.கி.யாவது மிச்சம் இருக்கணும். வெளுக்க ஹைப்போகுளோரைட் போடும் ஆலை என்றால் மீதக் குளோரினைச் சோடியம் சல்பைட்டால் முறித்துவிட்டு, விதைநீர் (நுண்ணுயிர் உள்ள நீர்) சேர்த்துத்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பி.ஓ.டி. குறைவாக வந்து, நீர் சுத்தம் என்று தவறாக எழுதிவிடுவார்கள்.

இனி எரிவாயு. ஊருக்குள் எண் சொல்லும்போது கவனம் வேண்டும். மாதிரிக் கணக்கு ஒன்று: கனமான நீர் நாளுக்கு 60 கன மீட்டர், சி.ஓ.டி. லிட்டருக்கு 4000 மி.கி. என்றால் 240 கிலோ. அதில் 75 சதவீதம் எரிவாயுக் கலனில் (காற்றுப் புகாமல் மூடிய தொட்டியில்) சிதைந்தால் 180 கிலோ. கிலோவுக்கு 0.35 கன மீட்டர் வீதம் 63 கன மீட்டர் மீத்தேன். 60 சதவீத மீத்தேன் உள்ள வாயுவாக 105 கன மீட்டர். விறகுக் கணக்கில் ஏறக்குறைய 150 கிலோ. இது கோட்பாட்டு உச்சம். நீரில் கரைந்து போவது, கசிவு, நிறுத்தம் எல்லாம் போக முக்கால் பங்கு என்று வைத்துப் பேசுங்கள். ஜவ்வரிசி வறுக்கும் அடுப்புக்குத் தினமும் எரியும் விறகை ஒரு வாரம் எடைபோட்டு, இந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் ஆலைக்காரர் தானாகவே அடுத்த கேள்வி கேட்பார்.

கலன் அளவு: கன மீட்டருக்கு நாளுக்கு 4 கிலோ சி.ஓ.டி. சுமை என்று எடுத்தால் 60 கன மீட்டர். கலன் சாவதற்கு முதல் காரணம் அமிலம். இந்த நீரில் காரத்தன்மை குறைவு. மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலமாகும், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. பி.எச். இறங்கியதைப் பார்க்கும்போது காலம் கடந்திருக்கும். அதனால் அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தைத் தினமும் பாருங்கள்: கந்தக அமிலத்தால் பி.எச். 5 வரை, பிறகு 4.4 வரை என்று இரண்டு நிறுத்தத்தில் செய்யும் எளிய டைட்ரேஷன். 0.3 வரை நிம்மதி. 0.4-ஐத் தாண்டினால் தீனியை நிறுத்திச் சோடா உப்போ சுண்ணாம்போ கொடுக்க வேண்டும். இரண்டாவது காரணம் நார். சல்லடையும் தெளிவுத் தொட்டியும் முன்னால் இல்லாவிட்டால் கலன் அடைத்துக்கொள்ளும். மூன்றாவது, ஆலையில் கந்தக அமிலம் புழங்கினால் சல்பேட் வழியாக ஹைட்ரஜன் சல்பைடு வரும், வாயு எஞ்சினை அரித்துத் தின்றுவிடும். முதல் ஆண்டில் மின்சாரத்துக்கு ஆசைப்படாமல் அடுப்பில் எரியுங்கள் என்பேன்.

கடைசியாக ஒன்று, இதைக் கிராம சபையில் உரக்கச் சொல்ல வேண்டும்: எரிவாயுக் கலன் வைத்தால் மாசு தீர்ந்தது என்று ஆகாது. 4000-இல் 75 சதவீதம் போனாலும் 1000 மிச்சம். நீர்நிலையில் விடப் பொது வரம்பு சி.ஓ.டி. 250, பி.ஓ.டி. 30. கலனுக்குப் பின்னால் காற்றூட்டும் தொட்டி கட்டாயம், அதற்கு மின்செலவும் உண்டு.

---

நெய்க்காரப்பட்டி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆற்றின் பெயரைத் திருத்திக்கொண்டேன். விவசாயிகள் பக்கம்தான் இன்னும் பிடி கிடைக்கவில்லை. கழிவுநீர்க் கூட்டம் என்றால் கிணற்றுக்காரர்கள் வருவார்கள், கிழங்கு போடுபவர்கள் எதற்கு வருவார்கள்? அடுத்த ஆண்டு ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களிலும் இதே முறையைச் செய்யலாமா என்றும் துறையில் கேட்கிறார்கள்.

---

ஏத்தாப்பூர் வழி எழுதியது:

கிழங்கு விவசாயி வர வேண்டுமானால் 'பாயிண்ட்'டிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள் சார். விலை மூட்டை எடைக்கு மட்டும் இல்லை, மாவுச்சத்துப் பாயிண்ட்டுக்கு. அந்தப் பாயிண்ட் ஆலை வாசலில் ஆலையின் தராசில் பார்க்கப்படுகிறது. விவசாயிக்கும் ஆலைக்கும் நடுவே கசப்பு ஊறும் இடம் அதுதான். அந்தக் கசப்பு இருக்கும்வரை பத்தாண்டுத் திட்டத்துக்கு யாரும் சேர்ந்து உட்காரமாட்டார்கள்.

மாணவர்கள் இதை நடுநிலையாக அளந்து காட்டலாம். மண் போகக் கழுவி, நீர் வடித்து, துணியால் துடைத்த கிழங்கு 5 கிலோ. காற்றில் எடை, பிறகு கம்பிக் கூடையில் வைத்து நீருக்குள் எடை. நீருக்குள் கூடையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். 5 கிலோ கிழங்கு நீருக்குள் 500 கிராம் காட்டினால் ஒப்படர்த்தி (நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி) 5 ÷ 4.5 = 1.111. ஒப்படர்த்தி கூடினால் மாவுச்சத்து கூடுதல். எந்த ஒப்படர்த்திக்கு எத்தனை பாயிண்ட் என்பதை அந்த ஊரில் போடும் ரகத்துக்கே ஆய்வகத்தில் மாவு எடுத்துப் பார்த்து அட்டவணை போடுங்கள். வேறு ரகத்து அட்டவணை சரிவராது.

தவறு எங்கே வரும் என்றால் மண்ணில். 5 கிலோவில் 100 கிராம் மண் ஒட்டியிருந்தாலே நீருக்குள் எடை 550 கிராமுக்கு ஏறி, ஒப்படர்த்தி 1.124 என்று பொய்யாகக் கூடும். அதை ஈடுகட்ட ஆலை குத்துமதிப்பாகக் கழிக்கும், அங்கேதான் சண்டை. காற்றுக் குமிழ் சிக்கினால் நேர் எதிராகக் குறையும். கூடையை நீருக்குள் நாலைந்து முறை அசைத்துவிட்டுப் படிக்க வேண்டும். லாரியின் மேல், நடு, அடி என 3 இடத்துக் கிழங்கு. விவசாயியும் ஆலை ஆளும் இருவரும் பார்க்க, அளவு கரும்பலகையில் உடனே எழுதப்பட வேண்டும். தோண்டி 2, 3 நாளில் கிழங்கு கெட ஆரம்பித்துவிடும் என்பதால், தோண்டிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். லாரி வரிசையில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பது இருதரப்புக்கும் நட்டக் கணக்கு. வரிசை நேரத்தைக் குறைப்பது, சேர்ந்து எடுக்கும் முதல் முடிவாக அமைய நல்ல வாய்ப்பு.

மாவுப்பூச்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். 2020-இல் இந்தியாவில் நுழைந்த மரவள்ளி மாவுப்பூச்சிக்கு எதிராக அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில்தான் முதலில் விட்டார்கள். பயத்தில் கடும் மருந்து அடித்தால் குளவியும் சேர்ந்து சாகும். காட்டுக்குக் காடு குருத்து எண்ணி, ஒட்டுண்ணி தாக்கிய பூச்சி எத்தனை என்று மாணவர்கள் பலகையில் எழுதிப் போட்டால் மருந்துச் செலவு பற்றிய பேச்சு தானாக வரும். நிலையத்தாரை முன்கூட்டியே கலந்துகொள்ளுங்கள், எண்ணும் முறையை அவர்களே சொல்லித் தருவதுதான் சரி.

திப்பி: ஈரத் திப்பியில் பெரும்பகுதி தண்ணீர்தான். களத்தில் காய வேண்டும், மழை வந்தால் பூஞ்சணம். தோலைத் திப்பியோடு கலக்கவிடாதீர்கள். சயனைடு தோலில்தான் அதிகம். பச்சையாக மாட்டுக்குப் போனால் ஆபத்து.

---

நாகலூர்க் காப்பி எழுதியது:

ஏற்காட்டுக்கு இதே முறையை அப்படியே ஏற்றாதீர்கள் மேலே. காப்பிப் பழத்தின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் தோலும் சதையும். ஈர முறையில் பல்ப்பர் (பழத்தின் தோல் உரிக்கும் எந்திரம்) ஓட்டும் சில வாரங்கள்தான் கழிவுநீர் வரும், மிச்சக் காலம் இல்லை. ஆண்டில் பெரும்பகுதி பட்டினி கிடக்கும் கலன், மார்கழிக் குளிரில், 1500 மீட்டர் உயரத்தில் விழித்துக்கொள்ளவே நாளாகும். இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, தண்ணீரே குறைவாகக் கேட்கும் பல்ப்பருக்கு மாறலாமா, பழமாகவே காயவைக்கலாமா என்பது. வரும் நீரைச் சுண்ணாம்பால் முறித்துத் தொட்டியில் நிறுத்துவது அதற்கு அடுத்தபடி. தோலை மாட்டுச்சாணத்தோடு எருவாக்கலாம்.

முடிவெடுக்கும் ஆளும் வேறு. பெரிய எஸ்டேட் முதலாளி மலையில் இருக்கமாட்டார். மேலாளரிடம் பேசி வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை. சிறு தோட்டக்காரர்களில் மலையாளி பழங்குடியினர் உண்டு, மிளகும் காப்பியும் கலந்து வைத்திருப்பார்கள். அவர்களிடம் போகும்போது நில உரிமைக் கேள்வி முதலில் வரும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்ட மனுக்கள் பற்றிக் கேட்பார்கள்; பதில் தெரியாத மாணவர்களை அனுப்பாதீர்கள். காப்பி வாரிய அலுவலகமும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் ஏற்காட்டிலேயே இருக்கின்றன. அங்கே முதலில் போய்வந்து, ஒரே ஒரு சிற்றூரோடு தொடங்குவது போதும்.

---

வசிஷ்டக்கரை எழுதியது:

தொடர்வது பற்றி நீங்கள் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதனால் மறுபடி வருகிறேன்.

24 பேரும் இறுதியாண்டு என்பதுதான் உங்கள் திட்டத்தின் பலவீனம். 16 பேர் இறுதியாண்டு, 8 பேர் மூன்றாமாண்டு என்று வையுங்கள். பிப்ரவரியிலிருந்து அந்த 8 பேர்தான் ஆலையோடும் ஊராட்சியோடும் பேச வேண்டும், மூத்தவர்கள் பின்னால் நிற்கட்டும். ஊருக்கு முகம் தெரிந்தவர்கள் அடுத்த ஆண்டும் வருவார்கள்.

பத்தாண்டுத் திட்டத்தை இன்றைக்கிலிருந்து முன்னோக்கிப் போட்டால் 'விழிப்புணர்வு ஏற்படுத்துதல்' என்ற வரியோடு நின்றுவிடும். பத்தாவது ஆண்டில் வாய்க்கால் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் எழுதச் சொல்லுங்கள்: எடுத்துக்காட்டாக, 'ஆலைக்குக் கீழே உள்ள கிணற்றுத் தண்ணீரை மாடு குடிக்கிறது'. அதற்கு ஏழாவது ஆண்டில் காற்றூட்டும் தொட்டி ஓடியிருக்க வேண்டும். அதற்கு நான்காவது ஆண்டில் கலன். அதற்கு இரண்டாவது ஆண்டில் ஓட்டக் கணக்கு முழு அரவைக் காலத்துக்கும் கையில் இருக்க வேண்டும். அதற்கு இந்த ஆண்டு பிரிப்புச் சுவர். இப்படிப் பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு வரிக்கும் பணம் யார், இடம் யார், பார்ப்பது யார் என்ற கேள்வி தப்பிக்க முடியாமல் நிற்கும். மூன்றுக்கும் பெயர் வராத வரியை அடித்துவிடுங்கள்.

கிணறுகளுக்கு மின்கடத்துத்திறன் மீட்டர் ஒன்று போதும் என்று சிலர் சொல்வார்கள். உப்பு ஏறுவதை அது காட்டும். புளித்த கரிமக் கழிவைச் சரியாகக் காட்டாது. ஆலைக்கு மேலே 2 கிணறு, கீழே 4 கிணறு, சி.ஓ.டி.யும் சேர்த்து. மேலே உள்ள கிணறு இல்லாமல் கீழே உள்ளதை மட்டும் அளந்தால், ஆலையால் வந்ததா நிலத்தின் இயல்பா என்று யாரும் சொல்ல முடியாது.

எண்கள் கல்லூரிக் கணினியில் மட்டும் இருந்தால் அடுத்த ஆண்டு காணாமல் போகும். தடித்த அட்டைப் பதிவேடு 3: ஒன்று ஊராட்சி அலுவலகத்தில், ஆலைக்கு ஒன்றாக இரண்டு. தேதி, நேரம், உயரம் செ.மீ.யில், எடுத்தவர் கையெழுத்து. ஆலையில் முறை மேற்பார்வையாளரே உயரத்தைப் படித்து எழுதப் பழக வேண்டும். மாணவர் வாரம் ஒரு முறை சரிபார்த்தால் போதும். கிராம சபைத் தீர்மானத்தில் 'ஒத்துழைப்பு நல்கப்படும்' என்று பொதுவாக எழுதவிடாதீர்கள். எந்தக் கிணறுகள், எந்த மாதம், பதிவேடு யார் பொறுப்பு என்று எழுதியிருக்க வேண்டும். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருந்தால் செயலரிடம் தீர்மான நகல் வாங்கி ஒப்பந்தத்தோடு தைத்து வைத்துக்கொள்ளுங்கள். அலுவலர் மாறும்போது காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.